காசு கொடுத்தால் தண்ணீர் நமதாகுமா?

நம்மவர் நடத்தும் சாப்பாட்டுக் கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்றுண்டு. பின்கட்டில் குழாய் திறந்தபடியே ஓடிக்கொண்டிருக்கும். பார்த்தவர் ஒருவர், "தண்ணீர் வீணாகிறதே, பாய்!" என்பார். "பில் கட்டுவது நான்தானே!" என்று உடனே பதில் வரும். இப்படிச் சொல்பவர் கெட்டவர் அல்லர். விடியுமுன் கடை திறந்து நள்ளிரவில் பூட்டுபவர். எவருக்கும் பாக்கி வைக்காதவர். ஆகவே அவர் வாதத்தை ஏளனம் செய்யாமல், நியாயத் தராசில் வைத்து நிறுத்துப் பார்ப்போம்.

விலை என்றால் என்னவென்று வியாபாரிக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. ஒரு மூட்டை அரிசிக்குப் பணம் கொடுத்தால் அரிசி நம்முடையது. தண்ணீரும் அவ்விதமானதுதானா? சிங்கப்பூரில் நாம் கட்டும் கட்டணம் நீரைச் சேர்த்து வைப்பதற்கும், சுத்தம் செய்வதற்கும், குழாய் வழியே கொண்டு வருவதற்கும், அழுக்கு நீரைத் திரும்ப எடுத்துச் செல்வதற்கும் ஆகும் செலவாகும். இதற்கு மேலும் நீருக்கு ஓர் அருமை உண்டென்பதை உணர்த்தவே 1991-ஆம் ஆண்டில் நீர் சேமிப்பு வரி விதிக்கப்பட்டது.

பணத்தால் எல்லாம் ஆகிவிடாது என்பதை இத்தீவு அனுபவத்தில் கண்டிருக்கிறது. 1942 ஜனவரி இறுதியில், பின்வாங்கிய படையினர் ஜொகூர் பாலத்தைத் தகர்த்தபோது அக்கரையிலிருந்து வந்த குடிநீர்க் குழாயும் அறுந்தது. மழை பொய்த்த 1963-64-இல் பங்கீடு வந்தது. குறித்த வேளைகளில் குழாய் அடைக்கப்பட்டது; மக்கள் வாளிகளில் நீர் பிடித்து வைத்துச் சமாளித்தனர். அன்று பெட்டி நிறையப் பணம் வைத்திருந்தவர் வீட்டுக் குழாயும் வறண்டுதான் இருந்தது. இன்றும் ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி காலன் வரை எடுக்க வகை செய்யும் 1962-ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2061-இல் முடிகிறது. காலக்கெடு உள்ள சரக்கை எப்படிக் கையாள வேண்டும் என்பது நமக்குத் தெரியாததன்று.

இது வரவுப் பக்கம். செலவுப் பக்கத்தையும் புரட்டுவோம். நாம் கொட்டும் நீர் எங்கே போகிறது? சமையற்கட்டின் அழுக்கு நீர் நிலத்தடிக் குழாய்கள் வழியே சுத்திகரிப்பு நிலையங்களை அடைகிறது. அதில் ஒரு பகுதி நுண்ணிய வடிகட்டி, எதிர்மறைச் சவ்வூடு பரவல், புற ஊதாக் கதிர் என்னும் மூன்று படிகளைக் கடந்து, 2003 முதல் நியூவாட்டர் என்னும் பெயரில் மீண்டும் வருகிறது. பெரும்பாலும் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் அந்நீர், வறண்ட காலங்களில் நீர்த்தேக்கங்களில் கலக்கப்பட்டு, மறுபடி சுத்தம் செய்யப்பட்டு நம் குழாய்க்கே வருகிறது. கடைக்குப் பின்னுள்ள திறந்த கால்வாயின் கதை இன்னும் நெருக்கமானது. தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தில் பெய்யும் மழைநீர் குடிநீருக்காகச் சேகரிக்கப்படுகிறது. அந்தக் கால்வாயில் கவிழ்க்கும் எண்ணெய்ச் சட்டி, ஊரார் குடிக்கும் நீரை நோக்கியே பயணம் போகிறது. "தூர எறிந்துவிட்டோம்" என்று சொல்ல இங்கே தூரம் ஏது?

சிங்கப்பூர் ஆற்றை எண்ணிப் பாருங்கள். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், அதில் சரக்குப் படகு வலித்தவர்களில் சூலியாக்கள் எனப்பட்ட நம் முன்னோரும் இருந்தனர். பின்னாளில் அது மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்க வேண்டிய ஆறாயிற்று. அதைத் துப்புரவு செய்ய 1977 முதல் 1987 வரை பத்தாண்டுகள் பிடித்தன. ஆற்றைக் கெடுக்க வேண்டுமென்று எண்ணி எவரும் கெடுக்கவில்லை. "என் பங்கு சிறிதுதானே" என்றே ஒவ்வொருவரும் எண்ணினர். 2008-இல் மரீனா அணை எழுந்தபின், அதே ஆறு குடிநீர்த் தேக்கத்தின் பகுதியாகிவிட்டது.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழும். "நாட்டின் நீரில் பாதிக்கு மேல் தொழிற்சாலைகளும் வணிக நிலையங்களும் செலவிடுகின்றன. பெரிய ஆலைகளை விட்டுவிட்டு, பரோட்டாக் கடைக்காரனிடமா கணக்குக் கேட்பது?" பெரியவரிடம் பெரிய கணக்குக் கேட்க வேண்டியதுதான். ஆனால் சந்தையில் வேறொருவர் கள்ளப்படி வைத்திருக்கிறார் என்பதற்காக நம் படியை நாம் குறைக்கலாமா? மேலும், சிறியவரால் பெருந்தீங்கு வராது என்பதும் உண்மையன்று. 2020 செப்டம்பரில் சிலாங்கூரில் ஆற்று நீர் மாசுபட்டுச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு நீர் நின்றது.

ஆகவே நாம் வந்தடையும் முடிவு இது: நாம் கொடுக்கும் காசு நீரைப் பயன்படுத்தும் உரிமையைத் தருகிறது, பாழாக்கும் உரிமையைத் தருவதில்லை. ஒருவர் நம்மிடம் ஒப்படைத்த பொருளை அமானிதம் என்கிறோம். அதைப் பெட்டியில் வைத்துப் பாதுகாக்கிறோம். கேட்கும்போது பழுதின்றித் திருப்பித் தருகிறோம். நீரும் நம் கடை வழியே கடந்து போகும் அமானிதமே. நமக்கு முன் ஒருவர் பயன்படுத்தினார். நமக்குப் பின் ஒருவர் குடிக்கக் காத்திருக்கிறார்.

சிக்கனம் என்ற பேரால் தட்டைச் சரிவரக் கழுவாமல் விடச் சொல்கிறோம் என்று எவரும் கருத வேண்டாம். தேவைக்குச் செலவிடுவது வேறு, வீணடிப்பது வேறு. தட்டிலுள்ள எச்சத்தை முதலில் வழித்துக் குப்பையில் போட்டபின் கழுவலாம். உறைந்த இறைச்சியை ஓடும் குழாயடியில் வைக்காமல், முதல் நாளிரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் இறக்கி வைக்கலாம். பொரித்த எண்ணெயைத் தகரத்தில் சேர்த்து, உரிமம் பெற்றவரிடம் கொடுக்கலாம். பிசுக்குத் தொட்டியைத் தவணை தவறாமல் துப்புரவு செய்யலாம். ஆள் பற்றாக்குறையுள்ள கடையில் இவை எளிதல்ல என்பதை நாமறிவோம். ஆனால் முதலாளி ஒரு நாள் தாமே குனிந்து குழாயை மூடினால், பையன்கள் மறுநாள் சொல்லாமலே மூடுவார்கள்.

பள்ளிவாசலிலும் இதே சோதனை உண்டு. பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு 'முத்' நீரில் உளூச் செய்தார்கள் என்று சிறுவயதில் ஓதியிருக்கிறோம். அது ஒரு லிட்டருக்கும் குறைவு. நிமிடத்துக்கு 5 லிட்டர் விழும் குழாயை இரண்டு நிமிடம் திறந்து வைத்தால் 10 லிட்டர் போய்விடுகிறது. அங்கே பில் கட்டுபவர் நாமல்லர், கேட்பாருமில்லை.

பில் கட்டும் இடத்தில் "என் காசு" என்கிறோம்; கட்டாத இடத்தில் "யார் காசோ" என்கிறோம். இரண்டிலும் நீர்தான் வீணாகிறது. இன்றிரவு கடைக் கணக்கை முடித்துப் பெட்டியைப் பூட்டுமுன், பின்கட்டுக்கு ஒருமுறை போய்க் குழாயைப் பார்த்துவிட்டு வருவோமாக.