உறங்கியது யார்?

காலைச் செய்தித்தாளைப் புரட்டுகிறோம். உள்பக்கத்தின் மூலையில் நான்கு வரி. அதிகாலை 4 மணி. நெடுஞ்சாலையோரம் நின்றிருந்த லாரி மீது பின்னால் வந்த லாரி மோதியது. ஓட்டுநர் தூங்கிவிட்டதே காரணம் என்று தெரிகிறது. படிக்கிறோம், ‘ஐயோ பாவம்’ என்கிறோம், அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம்.

தூங்கினான், மோதினான், காரணம் தெரிந்துவிட்டது, கதை முடிந்தது! ஆனால் பகுத்தறிவு அத்துடன் நின்றுவிடுமா? ஒரு ‘ஏன்’ என்ற கேள்விக்கு விடை கிடைத்தால், அந்த விடையைப் பிடித்து நிறுத்தி மற்றொரு ‘ஏன்’ கேட்பதன்றோ பகுத்தறிவு? ஏன் தூங்கினார் அந்த ஓட்டுநர்? எத்தனை மணி நேரம் தூங்காமல் இருந்தார்? ‘நிற்காதே, போ’ என்று அவரை விரட்டியது யார்? இந்தக் கேள்விகளைச் செய்தித்தாள் கேட்பதில்லை. நாம் கேட்போம்.

லாரித் தொழில் நமக்குத் தொலைவிலுள்ள தொழிலன்று. நாமக்கல்லும் திருச்செங்கோடும் சங்ககிரியும் லாரியால் வளர்ந்த ஊர்கள். மழையை நம்பிக் காய்ந்த நிலத்தை விட்டு, கிளீனராக வண்டி ஏறி, டிரைவராகி, கடன் வாங்கி ஒரு லாரிக்கு உரிமையாளரானவர்கள் அங்கே பலர். அந்த ஊர்களிலிருந்து புறப்பட்ட சக்கரங்கள் வடக்கே டெல்லி வரை, கிழக்கே கல்கத்தா வரை சென்றன. நம் வீட்டுச் சமையல் எரிவாயுவும், நாம் உண்ணும் வெங்காயமும், நாம் உடுத்தும் துணியும் யாரோ ஒருவர் இரவெல்லாம் கண்விழித்ததால் நம்மிடம் வந்து சேர்ந்தவை.

அந்த ஒருவரின் தொழில் எவ்விதம் மாறியிருக்கிறது?

டாட்டா நிறுவனம் ஜெர்மன் நாட்டு டைம்லர்-பென்ஸின் துணையோடு 1954இல் லாரி செய்யத் தொடங்கியது. எண்ணூர்த் தொழிற்சாலை 1955இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. அந்நாளைய லாரியின் ஸ்டியரிங்கைத் திருப்பத் தோள்வலிமை வேண்டும். எஞ்சினின் சூடு காலைச் சுடும். வழியில் வண்டி நின்றால் டிரைவரே மெக்கானிக். மேட்டில் வண்டி திணறினால், கிளீனர் குதித்து ஓடிப் பின்சக்கரத்துக்குக் கட்டை போடுவார். வண்டி எங்கே நிற்கிறது என்பது முதலாளிக்குத் தெரியாது. அவசரமென்றால் தந்தியோ டிரங்க் காலோதான்.

அந்த நாள் பொன்னாள் என்று பாட நாம் வரவில்லை. கிளீனர் என்ற பெயரில் பள்ளிக்குப் போக வேண்டிய சிறுவன் ஏச்சும் அடியும் வாங்கினான். சோதனைச் சாவடிதோறும் மாமூல். மணிக்கணக்கில், சில வேளை நாள்கணக்கில் காத்திருப்பு. துன்பம் மிகுந்த தொழில்தான் அது. ஆயினும் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். சாவடியில் காத்திருந்த நேரம் டிரைவர் கண்ணயர்ந்த நேரமாகவும் இருந்தது. பழுதான வண்டிக்குக் கீழே பாய் விரித்தால் ஏனென்று கேட்க ஆளில்லை. புளியமர நிழலில் இரண்டு மணி நேரம் தூங்குவதென்று அவர் முடிவு செய்தால் அது அவருடைய முடிவு.

இனி இன்றைய நிலையைக் காண்போம். தங்க நாற்கரச் சாலை வந்தது. ஸ்டியரிங் விரலுக்கு வசப்பட்டது. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்ததும் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் அகற்றப்பட்டன. 2021 பிப்ரவரியில் பாஸ்டாக் கட்டாயமாகி, சுங்கச்சாவடியின் நீண்ட வரிசையும் குறைந்தது. 2025இல், புதிதாகச் செய்யப்படும் கனரக, நடுத்தர லாரிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் வேண்டும் என்பது விதியாயிற்று. இவையனைத்தும் நல்லவை. அறிவியலின் வெற்றியை வாழ்த்தாதிருக்க நாம் பழமைவாதிகள் அல்லர்.

ஆனால் ஒரு கணக்கு மீதமிருக்கிறது. சாலையும் எந்திரமும் சட்டமும் சேர்ந்து மிச்சப்படுத்திக் கொடுத்த நேரம் எங்கே போயிற்று? ஐந்து நாள் பயணம் நான்கு நாளாகச் சுருங்கியதென்றால், அந்த ஒரு நாள் ஓட்டுநரின் வீட்டுத் திண்ணைக்கா போயிற்று? இல்லை. அடுத்த லோடுக்குப் போயிற்று. பயணத்துக்கு இவ்வளவு, வாடகையில் இத்தனை பங்கு என்று கூலி கணக்கிடப்படும் தொழிலில், நின்ற சக்கரம் பட்டினிச் சக்கரம். சாலை விரைவானதால் ஓய்வு கூடவில்லை; ஓட்டம் கூடிற்று.

அது மட்டுமா? உடனிருந்தவர்களும் இறங்கிவிட்டார்கள். கிளீனர் இல்லாத லாரிகள் பெருகிவிட்டன. தேசிய பர்மிட் லாரியில் இரண்டு ஓட்டுநர் இருக்க வேண்டும் என்ற விதி 2018இல் நீக்கப்பட்டது. ஒருவர் ஓட்ட மற்றவர் உறங்குவதற்கு இருந்த ஏற்பாடு விருப்பத்துக்கு விடப்பட்டது. செலவைக் குறைக்க நினைப்பவரின் விருப்பம் எதுவாக இருக்கும் என்று சொல்ல வேண்டுமா? வண்டியில் துணைக்கு ஆளில்லை. ஆனால் கண்காணிக்கக் கருவி இருக்கிறது. பத்து நிமிடம் நின்றால் தொலைபேசி ஒலிக்கிறது: “ஏன் வண்டி நிற்கிறது?” ‘ஏன் இன்னும் ஓடுகிறது?’ என்று கேட்கும் தொலைபேசி எத்தனை?

சட்டம் இல்லையா என்பீர்கள். இருந்தது. 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலைக்கு வரம்பு கட்டியது. நெடுந்தொலைவுப் பயணத்துக்கு நாளுக்கு 10 மணி வரை இடம் தந்தது. ஆனால் ஐந்து தொழிலாளரேனும் உள்ள நிறுவனத்துக்கே அது பொருந்தும். ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருப்பவர்களே மிகுந்த தொழிலில், வலையின் கண்ணைவிட மீன் சிறிதாயிற்று! அந்தச் சட்டத்தைத் தன்னுள் அடக்கிக்கொண்ட 2020ஆம் ஆண்டுத் தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபோது, ஐந்து என்ற எண் பத்து என்று உயர்ந்தது. வலையின் கண் இன்னும் பெரிதாயிற்று.

உறக்கத்தைப் பற்றி அறிவியல் சொல்வதையும் கேட்போம். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கையும் கண்ணும், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவருடையதைப் போலத் தடுமாறும் என்று 1997இல் ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். நம் நாட்டுச் சட்டம் வாகனம் ஓட்டுபவருக்கு வகுத்த மதுவின் எல்லை 0.03. குடித்தவரைவிடத் தடுமாறுகிறார், ஒரு சொட்டும் குடியாதவர்! கண் இமை நான்கு நொடி மூடினால் போதும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் லாரி அதற்குள் 65 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். குடியாவது குடித்தவரின் செயல். இந்தத் தடுமாற்றமோ பெரும்பாலும் மற்றவர் கட்டளையால் வந்தது. முன்னதை அளக்கச் சாலையில் கருவி உண்டு, பின்னதை அளக்க?

இங்கேதான் அறநெறி பற்றிய கேள்வி எழுகிறது: குற்றம் யாருடையது?

சட்டத்தின் விடை ஓட்டுநரை நோக்கியே நீள்கிறது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் முன்பு அதிக அளவாக இரண்டாண்டுச் சிறை. புதிய நியாயச் சட்டம் அதை ஐந்தாண்டாக்கியது. வாகனம் ஓட்டி மரணம் விளைவித்தபின் அறிவிக்காமல் தப்பியோடினால் பத்தாண்டு என்றது. 2024 ஜனவரியில் நாட்டின் பல பகுதிகளில் லாரிகள் நின்றன. சட்டம் 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தபோது பத்தாண்டுப் பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. ஏன் ஓடுகிறார் ஓட்டுநர்? நின்றால் கூட்டம் அடிக்கும் என்ற அச்சம். அடிக்கும் அந்தக் கூட்டம் லாரியை அனுப்பியவரின் அலுவலகத்தை எட்டிப் பார்ப்பதில்லை.

இந்த இடத்தில் நம்மை மறுப்பவர் ஒருவர் எழுவார், எழ வேண்டும். “சாலையில் மகனை இழந்த தாயிடம் போய் இந்த வாதத்தைச் சொல்வீரா? தூக்கம் வந்தால் வண்டியை ஓரங்கட்ட வேண்டியது ஓட்டுநரின் கடமையன்றோ?” என்பார். ஆம், கடமைதான். அந்தத் தாயின் கண்ணீருக்கு முன் எந்த வாதமும் தலைநிமிர்ந்து நிற்காது. ஓட்டுநரின் கையில் இருந்த பிழை ஓட்டுநரின் பிழையே. அதை நாம் துடைக்க வரவில்லை. அவர் அறையில் தனியாக இல்லை என்பதைத்தான் சொல்கிறோம். அவர் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாமல் பலர் அமர்ந்திருக்கிறார்கள். ‘நாளைக் காலைக்குள் சரக்கு வரவேண்டும்’ என்ற வணிகர். ‘முடியும்’ என்று ஒப்புக்கொண்ட புக்கிங் ஆபீஸ். தவணை கட்டியாக வேண்டிய உரிமையாளர். இன்றே பொருள் வேண்டுமென்று அடம்பிடிக்கும் நாம்! நேரத்தைக் குறித்தவருக்கு நேர்ந்ததில் பங்கில்லையா? முடிவு செய்யும் அதிகாரம் எங்கிருக்கிறதோ அங்கே பொறுப்பும் இருக்க வேண்டும். அதிகாரத்தை மேலே வைத்துக்கொண்டு பொறுப்பைக் கீழே தள்ளுவது நீதியன்று, தந்திரம்.

இது நடக்க முடியாத கனவா? அன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் செய்த விதியைப் பாருங்கள். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு. பொதுவாக நாளுக்கு 9 மணிக்கு மேல் ஓட்டலாகாது. வண்டியிலுள்ள கருவியே அதைப் பதிவு செய்யும். பாதுகாப்புக்குக் கேடாகும்படி தொலைவுக்கும் விரைவுக்கும் ஊக்கப்பணம் தரக்கூடாது. ஓட்டுநர் மீறினால் நிறுவனமும் பொறுப்பு. சரக்கை அனுப்புபவர் குறிக்கும் நேரமும் இந்த விதிக்குள் அடங்க வேண்டும். அங்கேயும் மீறல்கள் உண்டு. ஆனால் கேள்வி முதலில் ஓட்டுநரோடு நின்றுவிடுவதில்லை.

இங்கே நாம் என்ன செய்கிறோம்? எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கடியில் வைக்கிறோம், பூசணிக்காயை உடைக்கிறோம், நடந்துவிட்டால் விதி என்கிறோம். தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தொப்பூர்க் கணவாய். பாரமேற்றிய வண்டி அந்தச் சரிவில் நியூட்ரலில் இறங்கினால் எஞ்சினின் பிடி விட்டுப்போகும். பாரமெல்லாம் பிரேக்கின் மேல் விழும். பிரேக் காய்ந்து கைவிடும். எதற்காக நியூட்ரல்? டீசல் மிச்சமாகும் என்று. இன்றைய மின்னணு எஞ்சின், கியரில் சரிவிறங்கும்போது டீசலைத் தானே நிறுத்திக்கொள்கிறது என்பதை அவருக்கு எடுத்துச் சொன்னவர் யார்? எத்தனை லிட்டர் மிஞ்சியது என்று கணக்குக் கேட்டவர் உண்டு; எப்படி இறங்குவது என்று கற்றுக் கொடுத்தவர் இல்லை. இதற்கு விதி என்று பெயர் வைப்பது, விடை காண மறுப்பதற்கு வைக்கும் அழகான பெயர்.

ஓட்டுநராக இன்று பிள்ளைகள் வருவதில்லை என்று உரிமையாளர்கள் குறைப்படுகிறார்கள். தந்தையின் சிவந்த கண்ணைப் பார்த்து வளர்ந்த பிள்ளை ஏன் வருவான்?

இளைஞர்களே! அடுத்த முறை அந்த நான்கு வரிச் செய்தியைப் படிக்கும்போது ஐந்தாவது வரியைக் கேளுங்கள். எத்தனை மணி நேரம் ஓட்டினார்? உடன் யார் இருந்தார்? எப்போது சேரவேண்டும் என்று யார் சொன்னது? செய்தியாளரைக் கேளுங்கள், சட்டமன்றத்தைக் கேளுங்கள், நாடாளுமன்றத்தைக் கேளுங்கள். ஒரே ஒரு லாரி ஓட்டுகிற தொழிலாளிக்கும் வேலைநேர வரம்பு உண்டென்று எழுதச் சொல்லுங்கள். நெடுந்தொலைவு வண்டியில் இரண்டாவது இருக்கைக்கு ஆளைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். நேரம் குறித்தவரின் பெயரும் குற்றப்பத்திரிகையில் வரவேண்டும் என்று வாதாடுங்கள்.

அதிகாலை 4 மணிக்கு ஓட்டுநர் உறங்கியது நான்கு நொடி. 1961இல் விழித்த சட்டம் அவர் வரை வந்து சேராமல் ஆண்டுக்கணக்கில் உறங்கிக்கொண்டிருக்கிறது. அதைத் தட்டி எழுப்பாமல் நாமும் உடன் உறங்குகிறோம். முதலில் எழ வேண்டியவர்கள் நாம்.