சீசருக்கு உரியது எவ்வளவு?

சீசருக்கு உரியதைச் சீசருக்குக் கொடுக்க வேண்டும் என்பதில் நமக்கு ஐயம் இல்லை. அவருக்கு உரியது எவ்வளவு, அவருடைய உரிமை எங்கே முடிகிறது என்பதில்தான் ஐயம். 2023-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு வீட்டு வரி வழக்கில் தீர்ப்பு வழங்கியது. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் அத்தீர்ப்பில் இந்த நற்செய்திச் சொற்களையே எடுத்தாண்டார். குடிமகன் சீசருக்கு உரியதைச் செலுத்தியாக வேண்டும். ஆனால் அதற்கு மேல் செலுத்த வேண்டியதில்லை என்பது அவர் எழுதியதன் கருத்து.

வழக்கைத் தொடுத்தவர் ஒரு மூதாட்டி. மினசோட்டா மாநிலத்து மினியாப்பொலிஸ் நகரில், ஹென்னெபின் கவுண்டிக்கு உட்பட்ட ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் அவருக்குச் சொந்த வீடு இருந்தது. 2010-இல் அவர் முதியோர் குடியிருப்பு ஒன்றுக்குச் சென்றுவிட்டார். அதன்பின் வரி கட்டப்படவில்லை. 2015-க்குள் வரிப் பாக்கி ஏறக்குறைய 2,300 டாலர். வட்டியும் அபராதமும் சேர்ந்து அது 15,000 டாலர் ஆயிற்று. கவுண்டி வீட்டைக் கைப்பற்றி 40,000 டாலருக்கு விற்றது. தனக்குச் சேர வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகும் 25,000 டாலர் மிஞ்சியது. அதில் ஒரு காசும் அவருக்குத் திரும்பவில்லை. கவுண்டியும் ஊராட்சி அமைப்பும் பள்ளி மாவட்டமும் அதைப் பகிர்ந்துகொள்ள மாநிலச் சட்டமே இடம் தந்திருந்தது. கடனுக்கு மேற்பட்டதை அரசு பறிக்கலாகாது என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்த்தபோது மூதாட்டிக்கு வயது 94. 1215-ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டாவிலேயே இந்த நெறிக்கு வேர் உண்டு என்றும் நீதிமன்றம் எடுத்துக்காட்டியது.

எட்டு நூற்றாண்டுப் பழமையான ஒரு நெறியை நிலைநாட்ட ஒரு மூதாட்டி உச்ச நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது! தீர்ப்பு நியாயமானதே. ஆயினும் அது அளவுக்கு மீறி எடுத்ததைத்தான் கண்டித்தது. அளவு எவ்வாறு குறிக்கப்படுகிறது என்ற கேள்வியை அது தொடவில்லை. அறநெறியின் கடினமான பகுதி அங்கேதான் இருக்கிறது.

கவுண்டி என்பது மாநிலத்துக்குக் கீழ் அமைந்த ஆட்சிப் பிரிவு. நம் மாவட்டத்தை ஒருவாறு ஒத்தது. அந்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கவுண்டிகள் உள்ளன. பெரும்பாலான இடங்களில் கவுண்டி அல்லது நகர மதிப்பீட்டு அலுவலர் ஒவ்வொரு வீட்டுக்கும் சந்தை விலையை ஒட்டி ஒரு மதிப்பு குறிக்கிறார். பள்ளி, சாலை, தீயணைப்பு, நூலகம் ஆகியவற்றுக்கு எவ்வளவு பணம் தேவை என்று உள்ளாட்சி அமைப்புகள் முடிவு செய்கின்றன. பல மாநிலங்களில் அத்தொகையை மொத்த மதிப்பால் வகுத்தே வரி விகிதம் காணப்படுகிறது. ஆகவே எல்லா வீடுகளின் மதிப்பும் ஒருசேர இரு மடங்காகி, தேவை மட்டும் மாறாதிருந்தால், எவருடைய வரியும் கூடாது; விகிதம் பாதியாகும். அயலார் வீட்டைவிட நம் வீடு விரைவாக விலை ஏறும்போதுதான் சுமை நம் பக்கம் சாய்கிறது. இவ்வரி, அயலார் சேர்ந்து சுமக்கும் ஒரு பாரத்தில் அவரவர் பங்கு என்று கொண்டால் பிழையாகாது.

இப்படிப் பங்கு கேட்பதே அநீதி என்று திருச்சபையின் சமூகப் போதனையை அறிந்தவர் சொல்லமாட்டார். தனியுடைமை எவருக்கும் நிபந்தனையற்ற முழு உரிமையன்று என்று திருத்தந்தை ஆறாம் பவுல் 1967-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் தெளிவாகவே கூறினார். இடர்ப்பாடு வேறிடத்தில் இருக்கிறது. வீட்டின் மதிப்பு வேறு, கையிலுள்ள காசு வேறு. முப்பது ஆண்டுகளாக ஒரே வீட்டில் வாழும் கைம்பெண்ணின் தெருவில் புதிய செல்வர்கள் குடியேறுகிறார்கள். அவருடைய வீடு பலமடங்கு விலை பெறுகிறது. அவருடைய ஓய்வூதியமோ அப்படியே நிற்கிறது. விற்றாலன்றிக் கைக்கு வராத செல்வத்துக்கு அவர் ஆண்டுதோறும் வரி செலுத்த வேண்டும்.

இந்த அச்சமே கலிபோர்னியாவில் 1978-இல் பதின்மூன்றாம் முன்மொழிவு என்ற சட்டத் திருத்தமாக வெடித்தது. வரி, மதிப்பில் ஒரு விழுக்காட்டுக்கு மேல் போகலாகாது. வீடு கைமாறும் வரை மதிப்பு ஆண்டுக்கு இரண்டு விழுக்காட்டுக்கு மேல் உயரலாகாது. முதியோர் மூச்சுவிட்டனர். ஆனால் பாரம் மறையவில்லை; பெரும்பங்கு புதிதாக வந்தவர் தோளுக்கு மாறியது. லாஸ் ஏஞ்சலிஸில் 1988-இல் 1,70,000 டாலருக்கு வீடு வாங்கிய ஒரு பெண்மணி, அதே போன்ற வீட்டில் நெடுங்காலமாக இருந்த அயலார் சிலரைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு வரி கட்ட நேர்ந்தது. 1992-இல் உச்ச நீதிமன்றம் அதை அரசியல் சட்டத்துக்கு முரணானதன்று என்றது. நீதிபதி ஸ்டீவன்ஸ் ஒருவரே மாறுபட்டார். சட்டம் அனுமதிப்பதெல்லாம் அறமாகிவிடுமா என்ன? முந்தி வந்தவன், பிந்தி வந்தவன் என்று அயலாரைப் பிரிப்பது எனக்கு உவப்பாயில்லை.

இதைவிடக் கசப்பான கணக்கு டெக்சாஸ் மாநிலத்து சான் அன்டோனியோவிலிருந்து வந்தது. அங்கு எட்ஜ்வுட் என்ற பள்ளி மாவட்டத்தில் மாணவருள் ஏறக்குறைய நூற்றுக்குத் தொண்ணூறு பேர் மெக்சிகோ வழியினர், ஏழைகள். 1967-68 கல்வியாண்டில் அம்மக்கள் நூறு டாலர் மதிப்புக்கு 1.05 டாலர் வீதம் வரி கட்டினார்கள். அந்நகர்ப் பகுதியிலேயே அதுதான் உயர்ந்த விகிதம். கிடைத்தது மாணவர் ஒருவருக்கு 26 டாலர். செல்வர் வாழும் அலமோ ஹைட்ஸ் மாவட்டத்தார் 85 சென்ட் வீதமே கட்டினார்கள். கிடைத்தது மாணவருக்கு 333 டாலர். ஏழை கூடுதல் விகிதத்தில் கொடுத்தான். அவன் பிள்ளை குறைவாகப் பெற்றது. 1973-இல் உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற அளவில் இதையும் அனுமதித்தது. பின்னர் 1989-இல் டெக்சாஸ் மாநில உச்ச நீதிமன்றம், மாநில அரசியல் சட்டத்தின்படி இம்முறை செல்லாது என்றது.

வரியை வெறுப்போர் எட்ஜ்வுட்டை நினைப்பதில்லை. வரியை ஆதரிப்போர் அந்தக் கைம்பெண்ணை நினைப்பதில்லை. இருவரையும் நினைத்துச் செய்த ஏற்பாடு ஒன்று உண்டு. 1964-இல் விஸ்கான்சின் மாநிலம் முதியோருக்காகத் தொடங்கியது அது. மின்சுமை மிகும்போது தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியின் பெயரால் அதனை 'சர்க்யூட் பிரேக்கர்' என்பர். வீட்டு வரி ஒருவருடைய வருமானத்துக்குத் தாங்காத அளவை எட்டினால், மிகையானதில் ஒரு பகுதியை மாநிலம் திருப்பித் தருகிறது. பள்ளிக்குச் சேர வேண்டியதும் குறைவதில்லை. பின்னர் வேறு பல மாநிலங்களும் இம்முறையை மேற்கொண்டன. ஆனால் கருவியைப் போல இது தானாக இயங்குவதில்லை. முதியவர் தாமே படிவம் நிரப்பி, வருமானச் சான்றுகளை இணைத்து, உரிய நாளுக்குள் அனுப்ப வேண்டும். வரிச்சீட்டோ கேளாமலே வீடு தேடி வருகிறது.