இலவசக் கல்வி: கொடையா, உரிமையா?

ஊர் மக்களுக்குக் கட்டணமின்றிக் கற்பிக்கும் ஏற்பாடு எந்த அறத்தின் மீது நிற்கிறது என்ற கேள்விக்கு மூன்று விடைகள் சொல்லப்பட்டுள்ளன. அது கொடுப்பவரின் புண்ணியம் என்பது முதல் விடை. பெறுபவரின் உரிமை என்பது இரண்டாவது. இருவரும் சேர்ந்து செய்யும் வேலை என்பது மூன்றாவது. எந்த விடையை ஏற்கிறோமோ அதற்கேற்பக் கற்பிக்கும் இடத்தின் இயல்பே மாறுகிறது.

முதல் விடை சமயங்கள் வளர்த்தது. அறத்தைக் கொடுப்பதே எல்லாக் கொடைகளிலும் உயர்ந்தது என்கிறது பௌத்தரின் தம்மபதம். வித்தியாதானத்தை அன்னதானத்துக்கும் மேலாக வைக்கும் மரபு இந்து சமயத்தில் உண்டு. சோறு ஒருவேளைப் பசியைத் தீர்க்கும், கல்வியோ வாழ்நாள் முழுவதும் துணை நிற்கும் என்பது அதன் வாதம். எண்ணாயிரம் என்ற ஊரில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் 340 மாணவர்களுக்கு உணவும் பாடமும் அளித்த கல்லூரி இந்த நம்பிக்கையில் பிறந்தது. ஆனால் அங்கே கற்பிக்கப்பட்டவை வேதமும் வடமொழி இலக்கணமும் மீமாம்சையும் வேதாந்தமும். கல்லூரிக்காக விடப்பட்ட நிலத்தை உழுதவர்களுக்கு அதில் இடமில்லை. யாருக்கு, எதை, எவ்வளவு என்பதைக் கொடுப்பவரே தீர்மானிப்பதுதான் கொடையின் குறை. பெற்றவர் நன்றிக்கடன் பட்டவராகத் தலை குனிந்து நிற்பதும் அதோடு சேர்ந்தே வருகிறது.

இந்தக் குறையைத் தீர்க்க எழுந்தது உரிமை என்ற விடை. கல்வி ஒவ்வொரு மனிதரின் உரிமை, தொடக்கக் கல்வி கட்டணமின்றி இருக்க வேண்டும் என்று 1948இன் உலக மனித உரிமைப் பிரகடனம் 26ஆம் பிரிவில் அறிவித்தது. இந்திய அரசியல் சட்டத்தில் 2002ஆம் ஆண்டுத் திருத்தம் 21அ பிரிவைச் சேர்த்து, 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கு இலவசக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. உரிமையாக வருவதைப் பெற யாரும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஆனாலும் பள்ளிக்கூடத்தையே பார்க்காமல் நாற்பது வயதைத் தொட்ட ஒரு கூலித் தொழிலாளி இந்தப் பிரிவுக்குள் வரமாட்டார். மேலும், உரிமை ஒருவருக்கு வகுப்பில் இடம் வாங்கித் தரும். வகுப்புக்குள் அவர் மதிக்கப்படுவாரா என்பதை அதனால் மட்டும் உறுதி செய்ய முடியாது.

மூன்றாவது விடையைத் தெளிவாக வகுத்தவர் பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃபிரேயிரே. 1963இல் அந்நாட்டின் வடகிழக்கில் உள்ள அஞ்சிக்கோஸ் என்ற சிறு நகரத்தில் சுமார் 300 பேருக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவு புகட்டும் முயற்சியை அவர் வழிநடத்தினார். முதலில் அந்த மக்கள் அன்றாடம் புழங்கும் சொற்கள் திரட்டப்பட்டன; அந்தச் சொற்களிலிருந்தே பாடம் உருவானது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அப்போது பிரேசிலில் வாக்குரிமை கிடையாது. எனவே அங்கே எழுத்தைக் கற்பது குடிமகனாவதற்கான வழியாகவும் இருந்தது. 1964இல் ஆட்சியைக் கைப்பற்றிய ராணுவம் ஃபிரேயிரேயைச் சிறையில் அடைத்தது. பின்னர் அவர் நாட்டை விட்டு வெளியேறினார். மாணவரைப் பணம் போட்டு வைக்கும் பெட்டியாகக் கருதும் கல்வி ஒடுக்குமுறைக்கே துணைபோகும் என்றும், கற்பிப்பவரும் அந்த உரையாடலில் கற்கிறார் என்றும் அவர் வாதிட்டார்.

தமிழ்நாட்டில் இதற்கு நெருங்கிய சான்று புதுக்கோட்டை. 1991இல் அங்கே அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் தொடங்கியபோது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். ஊதியம் வாங்காத தொண்டர்கள் ஊர் ஊராகப் பாடம் நடத்தினார்கள். கல்லுடைக்கும் பெண்கள் எழுத்தோடு கணக்கையும் கற்றார்கள். பின்னர் குவாரிக் குத்தகையைத் தாங்களே குழுவாக எடுத்து நடத்தினார்கள். சைக்கிள் ஓட்டக் கற்பதும் இயக்கத்தின் பகுதியானது. ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிளில் வேலைக்கும் சந்தைக்கும் வகுப்புக்கும் போனார்கள். கற்றவர்களில் பலர் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

இந்த மூன்றாம் விடைக்கு ஒரு மறுப்பு உண்டு. எழுத்து தெரிந்தவரும் தெரியாதவரும் எப்படிச் சமமாவார்கள்? அறிவில் வேறுபாடு இருப்பது உண்மைதான். சமம் என்பது மதிப்பைக் குறித்தது. கல்லின் தரத்தைக் கண்ணால் அளக்கும் பெண்ணுக்கு எழுத்து தெரியாமல் இருக்கலாம். அதனால் அவர் அறிவில்லாதவர் ஆகிவிடமாட்டார். அவருக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்கும் ஆசிரியரே அவருக்குக் கற்பிக்க முடியும்.

மூன்று விடைகளில் ஒன்று மட்டும் போதாது. கொடையுள்ளம் இல்லாமல் தொண்டர்கள் வரமாட்டார்கள். உரிமை என்ற உறுதி இல்லாவிட்டால், கொடுப்பவரின் மனம் மாறும் நாளில் வகுப்பு நின்றுவிடும். பரஸ்பர மதிப்பு இல்லாவிட்டால் கற்பவர் பாதியில் எழுந்து போய்விடுவார். புதிதாகக் கற்ற எழுத்து புழக்கம் இல்லாவிட்டால் மறந்துபோகும் என்பதால், நூலகமும் தொடர் வகுப்பும் நிலைக்கும்போதுதான் அந்த அறம் நிறைவுபெறும்.