அரை சதவிகிதம்

நண்பர் ஒருவர் குடியை விட்டு நான்கு வருடங்கள் ஆகின்றன. 'நாலு வருஷம்' என்று நாம் பொதுவாகச் சொன்னால் விட மாட்டார். 'நாலு வருஷம், ரெண்டு மாசம், பதினோரு நாள்' என்று திருத்துவார். கேட்கிற நமக்கு அது வேடிக்கை. அவருக்கோ அது சேமிப்புக் கணக்கு. ஒரே ஒரு நாள் தவறினால் மொத்த இருப்பும் பூஜ்யமாகிவிடும் என்கிற பயம்!

போன மாதம் அவருடைய அக்கா வீட்டுக்கு இருவரும் சாப்பிடப் போயிருந்தோம். அக்கா மகள் இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். உடம்பைப் பற்றி ரொம்ப அக்கறை. சமையலறை மூலையில், வாயைத் துணியால் கட்டிய பெரிய கண்ணாடி ஜாடி ஒன்று இருந்தது. உள்ளே தேன் நிறத்தில் ஏதோ பானம். மேலே ஆப்பம் போல ஒன்று மிதந்துகொண்டிருந்தது.

"கொம்புச்சா அங்கிள்... நானே போட்டது" என்றவள், ஃப்ரிட்ஜில் இருந்து ஒரு பாட்டிலை எடுத்து வந்து மூடியைத் திறந்தாள். 'புஸ்' என்று சத்தம். டம்ளரில் ஊற்றியபோது நுரை.

நண்பர் கை நீட்டவில்லை. "இதுல 'அது' இருக்காம்மா?" என்றார், மெதுவாக.

"சேச்சே! வெறும் டீதான் மாமா. வயித்துக்கு நல்லது."

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்புகிறாள். ஆனால், அவள் சொன்னது உண்மையும் இல்லை.

சர்க்கரை போட்ட டீயில் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சேர்ந்து நடத்துகிற குடித்தனம்தான் கொம்புச்சா. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்ஸைடையும் உண்டாக்குகிறது. பாக்டீரியா, காற்றில் உள்ள ஆக்ஸிஜனின் உதவியோடு அந்த ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமாக மாற்றுகிறது. வினிகரில் இருக்கிறதே, அதே அமிலம்தான். ஆக, ஒருவர் சம்பாதிக்க இன்னொருவர் செலவழிக்கிறார். துணி கட்டிய ஜாடியில் இந்த வரவு செலவு ஒழுங்காக நடக்கும். பாட்டிலில் அடைத்து இறுக்கி மூடிவிட்டால்..? காற்று இல்லாமல் செலவாளி சோர்ந்துவிடுவார். ஆனால் ஈஸ்ட்டின் சம்பாத்தியம் நிற்காது. ஃப்ரிட்ஜில் மெதுவாக, வெளியே வெயிலில் வேகமாக. எனவே, 'கொம்புச்சாவில் எவ்வளவு ஆல்கஹால்?' என்று யாராவது கேட்டால், 'எந்த பாட்டில், என்றைக்கு?' என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும்.

இதனால் அமெரிக்காவில் ஒரு பெரிய கலாட்டாவே நடந்தது. 2010 ஜூனில் ஹோல் ஃபுட்ஸ் என்கிற பெரிய கடைத்தொடர், கொம்புச்சா பாட்டில்களை அலமாரிகளில் இருந்து எடுத்துவிட்டது. சில பாட்டில்களில் லேபிளில் சொன்னதைவிட ஆல்கஹால் அதிகம் இருக்கக்கூடும் என்று தெரியவந்ததுதான் காரணம். அந்த நாட்டில் 0.5 சதவிகிதத்தைத் தொட்டால் அது மதுபானம். தயாரித்த அன்று குறைவாக இருந்து, பாட்டிலுக்குள்ளேயே பின்னால் ஏறினாலும் மதுபானம்தான்.

இந்த அரை சதவிகிதக் கோடு பழையது. 1919-ல் அமெரிக்கா மதுவிலக்குச் சட்டம் போட்டபோது, அரை சதவிகிதமும் அதற்கு மேலும் இருந்தால் போதைப் பானம் என்று எழுதி வைத்தது. 1933-ல் என்ன நடந்தது தெரியுமா? எடைக் கணக்கில் 3.2 சதவிகிதம் வரை ஆல்கஹால் உள்ள பீர் 'போதை தராது' என்று அதே நாடு சட்டம் போட்டு விற்க விட்டது! பீர் மாறவில்லை, குடிக்கிறவனின் உடம்பும் மாறவில்லை. கோடுதான் நகர்ந்தது. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகளும் 0.5 சதவிகிதத்துக்கு மேலே போனால் மதுபானம் என்றுதான் சொல்கின்றன. சட்டத்துக்கு எங்கேயாவது ஒரு கோடு வேண்டும். அது கோடிப் பேருக்குப் பொதுவாகப் போடுகிற கோடு.

எனக்குத் தெரிந்த இந்தக் கதையை எல்லாம் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் விடவில்லை. செல்போனை எடுத்துக் கணக்குப் போட்டாள். 330 மில்லி பாட்டிலில் அரை சதவிகிதம் என்றால், ஆல்கஹால் இரண்டு மில்லிகூட இல்லை. அதே அளவு 5 சதவிகித பீரில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு.

"இதுக்குப் போய் இவ்வளவா? நல்லாப் பழுத்த வாழைப்பழத்துலகூடத்தான் துளி இருக்காம். அப்போ பழமும் சாப்பிட மாட்டீங்களா மாமா?"

நியாயமான கேள்வி. நண்பர் கொஞ்ச நேரம் அந்த நுரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாழைப்பழம் எனக்கு எதையும் ஞாபகப்படுத்தாதும்மா. இப்போ மூடியைத் திறந்தியே, அந்த சத்தம் ஞாபகப்படுத்துது. நீ குடி. நான் வேணாம்னு சொல்லலை. எனக்கு மட்டும் உள்ளதைச் சொல்லிடு. முடிவை நான் எடுத்துக்கறேன்."

வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கடைசி வாக்கியமே எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

'கொஞ்சம்தானே' என்று நாம் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்! கறித் துண்டை எடுத்துவிட்டு, 'வெறும் குழம்புதான், சாப்பிடுங்க' என்று சைவக்காரருக்குப் பரிமாறுகிறோம். வேர்க்கடலை ஆகாதவருக்கு, 'சட்னியில ஒரு கைப்பிடிதான் போட்டேன்' என்கிறோம். கொஞ்சமா அதிகமா என்பதைக் கொடுக்கிறவர் முடிவுசெய்ய முடியாது. வாங்கிக்கொள்கிறவருக்குத்தான் தெரியும். குடியை விடுவதற்காக டைசல்ஃபிரம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இருமல் மருந்தில் இருக்கும் ஆல்கஹால்கூட அவர்களுக்கு முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரை கொண்டுபோய்விடலாம். அவர்களிடம் போய் 'பத்தில் ஒரு பங்கு' என்று கணக்குச் சொல்ல முடியுமா?

நம் ஊர் பனையேறிகளுக்கு இந்த விஷயம் என்றைக்கோ தெரியும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாமல் விட்டால் அது புளித்துக் கள். மரமும் ஒன்று, பாளையும் ஒன்று. எந்தக் கலயத்தில் சுண்ணாம்பு தடவினோம் என்பது இறக்கியவருக்குத்தான் தெரியும். வாங்குகிறவர் அவருடைய வாய் வார்த்தையை நம்பித்தான் வாயில் வைக்கிறார். கள் குடிப்பது சரியா, தப்பா என்பது வேறு பேச்சு. கள்ளைப் பதநீர் என்று சொல்லிக் கொடுப்பது எந்த ஊரிலும் தப்புதான். தெரியாமல் சொல்லிவிட்டேன் என்றால் பாதித் தப்பு. 'எனக்குச் சரியாத் தெரியலையே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பாதியும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு மறுபடி போனோம். ஃப்ரிட்ஜில் இருந்த பாட்டில்களில் சின்னச் சின்னச் சீட்டு ஒட்டியிருந்தது. அடைத்த தேதி. அதன் கீழே, 'புளிக்க வைத்தது. ஆல்கஹால் இருக்கலாம்.'

மாமாவுக்கு மட்டும் பெரிய டம்ளரில் நீர்மோர் வந்தது. அவர் அதை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார்.

எதுவும் கேட்கவில்லை.