நோயுற்றாரை வினவும் வினா

உடம்பெடுத்தார்க்கு நோய் உண்டு என்பது எல்லாச் சமயத்தாரும் உடன்பட்ட உண்மை. ஆயின், நோயுற்றார் ஒருவரைக் குறித்துக் கேட்ட அளவில் நம் வாயினின்றும் முதற்கண் எழும் வினா யாது என்பது ஆராயத்தக்கது. சைவப் பாடசாலைகளில் வினைக்கொள்கையைப் போதிக்கும் ஆசிரியர்களாகிய நாம் இவ்வாராய்ச்சியைப் புறக்கணித்தல் ஆகாது. வகுப்பறையில் நாம் சொல்லும் சொல்லே நாளை தெருவிலும் வைத்தியசாலை வாயிலிலும் வழங்கும் சொல்லாகும் அன்றோ?

நுரையீரற் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். ஒருவர்க்கு இந்நோய் வந்ததென்று கேள்வியுற்றால், கல்முனையிலாயினும் காரைதீவிலாயினும் மருதமுனையிலாயினும், "அவர் சுருட்டுக் குடிப்பவரோ?" என்பதே கேட்போர் வினாவாகின்றது. "இல்லை, ஒரு பீடியேனும் தொட்டறியார்" என்று விடை வருமாயின், சைவராயினார் சற்று வாளாவிருந்து, "அப்படியாயின் முன்னை வினை" என முடிவு கூறுகின்றனர். முதல் வினா நோயாளியின் இம்மைப் பிழையைத் தேடுகின்றது; பின்னைய முடிவு, இம்மையில் அகப்படாத பிழையை முற்பிறப்பிற் கொண்டுபோய் வைக்கின்றது. இரண்டும் அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவனவே.

இந்நோயின் இயல்பைச் சிறிது அறிவோம். புகைபிடித்தலே இதற்குத் தலையாய காரணம் என்பதில் ஐயமில்லை. எனினும், ஒருகாலும் புகைபிடியாதாரையும் இது பற்றுகின்றது. பிறர் விடும் புகை, நிலத்தினின்று வெளிப்படும் ரேடன் வாயு, கல்நார்த் தூள் என்பனவும் காரணங்களென ஆராய்ந்தறியப்பட்டுள்ளன. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2013ஆம் ஆண்டில் வெளிக்காற்றின் மாசையும் இவ்வரிசையிற் சேர்த்தது. இவற்றுள் ஒன்றும் புலப்படாதவிடத்தும் நோய் தோன்றுதலுண்டு. நுரையீரற் கலம் ஒன்றின் பரம்பரையலகில் வாழ்நாளிடையே ஒரு விகாரம் நேர்கின்றது. அதனால், வளர்ச்சிக் கட்டளையை ஏற்கும் புரதம் ஒன்று, கட்டளை வாராதபோதும் வந்ததுபோல் ஓயாது இயங்குகின்றது. கலங்கள் கட்டின்றிப் பெருகுகின்றன. 2004ஆம் ஆண்டில் பொஸ்ரன் நகரத்து ஆராய்ச்சியாளர் கண்டு வெளியிட்ட இவ்விகாரம், புகைபிடியாதாரிடத்தும் ஆசிய நாட்டாரிடத்தும் மிகுதியாகக் காணப்படுவது. பெரும்பாலும் இது பெற்றோர் வழி வருவதும் அன்று. நோயாளி செய்த செயலொன்றால் வந்ததென்று காட்டத்தக்கதும் அன்று.

அப்புரதத்தையே இலக்காகக் கொண்டு அதன் இயக்கத்தைத் தடுக்கும் மாத்திரைகள் இன்று உள. ஜெபிட்டினிப், எர்லோடினிப், ஒசிமெர்டினிப் என்பன அவற்றுட் சில. நோய் முற்றி உடம்பெங்கும் பரவிய நிலையிலும், இவற்றை உண்டு எழுந்து நடந்து தொழில் செய்வார் பலர். தோலிற் பரு எழுதலும் வயிற்றோட்டமும் நகவோரப் புண்ணும் இம்மருந்தோடு வரும் துன்பங்கள். மேலும், இது நோயை அடக்குவதேயன்றி வேரறுப்பதன்று. காலப்போக்கில் கலங்கள் வேறொரு விகாரம் பெற்று மருந்துக்கு அடங்காதனவாகின்றன. 2018ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒசிமெர்டினிப் உண்டவரிடத்து நோய் முன்னேறாதிருந்த காலத்தின் இடையம் ஏறக்குறைய 19 மாதம். இடையம் என்றமையால், பாதிப் பேர்க்கு அதனிற் குறைவு, பாதிப் பேர்க்கு அதனின் மிகுதி என்பது கணிதம் கற்பிப்பார்க்குச் சொல்லவேண்டா. தாம் எப்பாதியைச் சார்ந்தவர் என்பதை நோயாளி முன்னரே அறியார்.

இந்நிலையில் வாழ்ந்தார் ஒருவர் சரித்திரம் நமக்குப் பயன்படும். போல் கலாநிதி என்பார், தென்னிந்தியாவினின்றும் அமெரிக்காவிற் குடியேறிய பெற்றோர்க்கு 1977ஆம் ஆண்டிற் பிறந்தவர். தந்தையார் கிறித்தவர்; தாயார் இந்து. இலக்கியமும் உயிரியலும் கற்றபின் மருத்துவம் பயின்று, ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் மூளைச் சத்திரசிகிச்சைப் பயிற்சியின் இறுதியை நெருங்கியிருந்தார். புகைபிடியாதவராகிய அவர்க்கு, 2013ஆம் ஆண்டில், 36ஆம் வயதில், முற்றிய நுரையீரற் புற்றுநோய் உண்டென்பது தெரியவந்தது. முற்கூறிய விகாரம் அவரிடத்துக் காணப்பட்டமையால் எர்லோடினிப் கொடுக்கப்பட்டது. கட்டிகள் சுருங்கின, நடக்கவும் அரியவராய் இருந்தவர் மீண்டும் சத்திரசிகிச்சைக் கூடம் புகுந்து பிறர் உயிர் காத்தார்.

2014ஆம் ஆண்டு ஜனவரியில் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையில் அவர் எழுதிய கட்டுரை, தமக்கு எஞ்சிய காலம் எத்துணை என்னும் வினாவைப் பற்றியது. சில மாதமே என்றால் குடும்பத்தாரோடிருக்கலாம். ஓராண்டு என்றால் நூல் எழுதலாம். பத்தாண்டு என்றால் தொழிலுக்கு மீளலாம். ஆயின், அவ்வெண்ணைச் சொல்வார் ஒருவருமிலர். நோய்க்கு முன்னும் தாம் இறப்பது உறுதி, நாள் தெரியாது. நோய்க்குப் பின்னும் அங்ஙனமே. அவ்வறிவு கூர்மையுற்றதே வேறுபாடு என்பது அவர் கண்டது. அவ்வாண்டிலேயே மருந்து பயனற்றுப் புதிய கட்டி தோன்றியது. அவ்வாண்டு ஜூலையில் அவர்க்கு ஒரு பெண்மகவு பிறந்தது. 2015 மார்ச்சில் அவர் காலமானார். ‘வென் பிரெத் பிகம்ஸ் எயர்’ என்னும் அவருடைய நூல் 2016ஆம் ஆண்டில் வெளிவந்தது. இருபத்திரண்டு மாதத்தில் அவர் செய்தவற்றை நோக்குக: தொழில், மகப்பேறு, நூல். "ஏன் வந்தது" என்பதனை அவருடைய வைத்தியரும் முடிவாகச் சொல்லவியலாது. "இனி எதனைச் செய்வது" என்பதோ ஒவ்வொரு நாளும் அவரால் விடையிறுக்கப்பட்டது.

இனிச் சித்தாந்தத்தை நோக்குவோம். "வினையுண்டு என்பது சைவத்தின் அடிப்படை, அதனைச் சொல்லாது விடுதல் எங்ஙனம்?" என்று சிலர் வினவலாம். வினையில்லை என்று யாம் கூறவில்லை. வினை சடம், தானே சென்று உயிரைப் பற்றும் ஆற்றல் அதற்கில்லை, அதனை அளந்து கூட்டுவிப்பவன் இறைவன் என்பதே நம் ஆசிரியர் துணிபு. பிராரத்தம் வரும் வாயில்களை ஆதியான்மிகம், ஆதிபௌதிகம், ஆதிதைவிகம் என மூன்றாக அவர் வகுத்தனர். ஆகவே, ஒருவர் நோய்க்கு ஈடான வினை இன்னதென்று துணிதற்கு வேண்டும் முற்றறிவு நமக்கில்லை. பதியின் தொழிலைப் பசு மேற்கொள்ளுதல் பத்தியன்று, செருக்கு.

திருஞானசம்பந்த சுவாமிகள் திருச்செங்கோட்டில் எழுந்தருளியிருந்தபோது அடியார்கள் குளிர்சுரத்தால் வருந்தினர். அப்பொழுது அருளிய திருநீலகண்டத் திருப்பதிகத்தில் சுவாமிகள் முதற்கண் மறுப்பது, இது அதன் பயன் என்று சொல்லி உய்யும் வழி நாடாதிருத்தலையே என்பதை ஆசிரியர்கள் சிந்திக்க. பிள்ளையார் அடியாரை நோக்கி, நீவிர் யாது செய்தீர் என்று கேட்டிலர். தொண்டினையும் துதியையும் வழியாகக் காட்டினர், சுரம் நீங்கியது. வினை என்பது, வருந்துவோன் தன் துன்பத்தைப் பொறுத்தற்கும் இனிச் செய்வதைத் திருத்தற்கும் தான் கைக்கொள்ளும் விளக்கு. அதனைப் பிறர்மேல் எறியின் அது விளக்காகாது, கொள்ளியாகும்.

யாம் மிஷன் பள்ளியிற் பயின்ற காலத்தில் யோபுவின் சரித்திரத்தைப் பாடமாகக் கற்றோம். நோயுற்ற யோபுவைக் காண வந்த நண்பர் மூவரும் ஏழு நாள் நிலத்தில் அவரோடு வாய்திறவாது அமர்ந்திருந்தனர். அதுவே அவர்கள் செய்த நன்மை. பின்னர் வாய்திறந்து, நீ பாவம் செய்தனை என்று நியாயம் பேசினர். முடிவில் கடவுளால் கண்டிக்கப்பட்டனர். அந்த யோபுவையே நம் அயலிலுள்ள முஸ்லிம் மக்கள் ஐயூப் நபி எனப் போற்றி, அவருடைய சபுரைப் பொறுமைக்கு உதாரணமாகக் கூறுவர். அவர்கள் நோயைச் சோதனை என்பர். நோயாளியைச் சென்று காண்டல் ஒரு முஸ்லிமின் கடமை என்பர். நமது கரையோரத்தில் சைவரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்ந்து, வைத்தியசாலையில் அடுத்தடுத்த கட்டில்களிற் படுக்கின்றனர். ஒரு கட்டிலின் பக்கத்தில் "பொறுத்திரும்" என்ற சொல்லும், மற்றைக் கட்டிலின் பக்கத்தில் "என்ன பாவமோ" என்ற சொல்லும் கேட்கப்படுமாயின், பின்னைய சொல் சைவத்துக்கு இழுக்கன்றோ?

இங்கே மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. "அவர் புகைபிடியாதவர், ஆதலால் இரங்கத்தக்கவர்" என்று நோயாளிக்காகப் பரிந்து பேசுவாரும் உளர். அப்பேச்சு, புகைபிடித்து நோயுற்றவன் இரங்கத்தக்கவனல்லன் என்பதனை உள்ளடக்கியது. புகையின் தீமையைப் பிள்ளைகளுக்கு அது பற்றுமுன் சொல்லுக. நோய் பற்றியபின் சொல்வது போதனையன்று. சமணத்தினின்றும் சூலைநோயோடு மீண்டுவந்து அடிவீழ்ந்த தம்பியாரைத் திலகவதியார் கடிந்திலர். திருநீறளித்துத் திருவதிகைத் திருக்கோயிலுள் அழைத்துச் சென்றார். சைவத்தின் நெறி அதுவே.

குற்றஞ்சாட்டும் வினாவினால் விளையும் கேடு பெரிது. பழிச்சொல்லுக்கு அஞ்சி நோயை மறைப்பவர் வைத்தியரிடம் காலந்தாழ்த்துச் செல்வர். இலக்கு மருந்து உதவுமா என்பதைச் சோதித்தறிய வேண்டிய நாட்கள் வீணே கழியும். கணவனின் நோயை மறைக்கும் மனைவி அயலார் உதவியையும் இழப்பாள். தந்தையின் நோய் இன்னதென்று கேட்கப்படுமோ என அஞ்சும் பிள்ளை பாடசாலைக்கு வாராதொழியும்.

ஆதலால், ஆசிரிய அன்பர்களே, வினையைக் கற்பிக்குங்கால் "என் வினை" என்று தன்மையிடத்து வைத்துக் கற்பிப்பீர்களாக. "உன் வினை" என்றும் "அவன் வினை" என்றும் சொல்லப் பிள்ளைகளைப் பழக்காதொழிக. நோயுற்றார் இல்லத்துப் பிள்ளைக்குத் தவறிய பாடத்தைத் தனியே சொல்லிக்கொடுங்கள். மகரகமையிலுள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்குச் செல்வதென்றால் நம் ஊரார்க்கு இலங்கையின் கிழக்குக் கரையினின்றும் மேற்குக் கரையை நோக்கிய பயணம் ஆகும். அப்பயணத்தில் உடன்செல்ல ஒருவரும், வீட்டிற் பிள்ளைகளுக்குச் சோறாக்க ஒருவரும் வேண்டும். அவர் சைவராயினும் முஸ்லிமாயினும் கிறித்தவராயினும் ஒக்கும். மாத்திரையின் ஆற்றல் ஒரு நாள் ஓயலாம். அதுவரையும் அதன் பின்னும் அவர் வாழ்வது நம் நடுவில்.

நோயுற்றாரை நாம் வினவத்தக்க வினா ஒன்றே: "யாம் செய்யவேண்டுவது யாது?" மற்றை வினாவுக்கு விடையறிவான் சிவபெருமான் ஒருவனே, அதனை அவன்பால் விடுவோமாக.