ஏற்றாதவர்களுக்கு என்ன ஆயிற்று?

இளம்பிள்ளை ஊர்த் தறியில் முதல் சாண் அழகாக இறங்கினாலும், முழுச் சேலையையும் விரித்துப் பார்த்த பிறகே விலை பேசுவார்கள். புதிய சிகிச்சைக்கும் அந்தப் பொறுமை வேண்டும்.

2020-இல், கொரோனாவிலிருந்து மீண்டவர்களின் ரத்த நீரான பிளாஸ்மாவை நோயாளிகளுக்கு ஏற்றினால் பிழைத்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை பரவியது. வெறும் வதந்தி அல்ல அது. நோயை வென்ற ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள்கள் உண்டு. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் பிளாஸ்மா வங்கியே திறந்தார்கள். ஏற்றிக்கொண்ட பலர் நலமாக வீடு திரும்பினார்கள். ஏற்றாத பலரும் திரும்பினார்களே!

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஒப்பிட்டது. நோய் முற்றியவர்களும் இறந்தவர்களும் சேர்ந்து, பிளாஸ்மா பெற்ற பிரிவில் 19 சதவீதம். பெறாத பிரிவில் 18. பலன் தெரியவில்லை. இந்த முடிவு 2020 அக்டோபரிலேயே வெளிவந்தது. ஆனாலும் சிகிச்சை நெறிமுறையிலிருந்து பிளாஸ்மாவை நீக்க 2021 மே ஆகிவிட்டது. இடையில் வந்த இரண்டாம் அலையில் கொடையாளரைத் தேடி இரவு பகலாக அலைந்த குடும்பங்களை நினைத்தால் நெஞ்சு பொறுக்கவில்லை.

இப்படிச் சந்தேகப்பட்டுச் சோதித்தவர்கள் நோயாளிக்கு எதிரிகள் அல்லர். பிரிட்டனில் இதே குலுக்கல் முறைச் சோதனைதான், டெக்சாமெதசோன் என்ற மலிவான மருந்து ஆக்சிஜன் தேவைப்பட்ட நோயாளிகளின் உயிரைக் காக்கும் என்று காட்டியது.

அடுத்த முறை யாராவது புது வைத்தியத்தைப் புகழ்ந்தால், அதை எடுக்காதவர்களுக்கு என்ன ஆயிற்று என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.