அருளப்பர் என்னும் நாமம்



ஞானஸ்நானத்துக்குப் பெயர் பதிய வருகிற பெற்றோரிடம், அப்பெயரின் பொருள் என்னவென்று கேட்டால், பலர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். எண்சாத்திரக்காரர் எழுதிக் கொடுத்த துண்டைச் சிலர் நீட்டுகிறார்கள். நல்ல தமிழ்ப் பெயரை விரும்புகிறவர்களோ, அது கிறிஸ்தவப் பெயராகுமா என்று தயங்குகிறார்கள். இத்தயக்கம் வேண்டியதில்லை.

எலிசபெத்தம்மாள் பிள்ளை பெற்ற எட்டாம் நாளில், அயலாரும் உறவினரும் கூடித் தகப்பன் பெயரையே இட முயன்றதை லூக்காஸ் நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் வாசிக்கிறோம். தாய் மறுத்தாள். உங்கள் உறவில் இப்பெயருடையார் எவருமில்லையே என்று அவர்கள் வாதாடினார்கள். (நமது விறாந்தைகளிலும் இவ்வழக்கு நடப்பதுண்டு!) பேச்சிழந்திருந்த சக்கரியாஸ், தாய் சொன்ன பெயரையே பலகையில் எழுதினார், உடனே அவர் நாவு கட்டவிழ்ந்தது. எபிரேயத்தில் அப்பெயர் யோஹானான். ஆண்டவர் அருள் கூர்ந்தார் என்பது பொருள். முதுமையில் பிள்ளை கண்ட வீட்டுக்கு வேறெந்தப் பெயர் பொருந்தும்? பிள்ளை குலத்தின் சொத்தல்ல, கொடை என்பதை அப்பெயரே சொல்லிவிடுகிறது.

நம் முன்னோர் ஒலியை விட்டுப் பொருளைப் பற்றிக்கொண்டார்கள், அருளப்பர் என்றார்கள். சின்னப்பர் என்பதும் அவ்வாறே. பவுலுஸ் என்ற இலத்தீன் பெயருக்குச் சிறியவர் என்று பொருள். சந்தியோகுமையோர் என்பதில் மட்டும் போர்த்துக்கேய ஒலியே தமிழுடை உடுத்தி நிற்கிறது. அதுவும் நம் காதுக்கு இனித்துப்போயிற்று. அன்னம்மாளின் பெயரிலுள்ள அன்னாவும், அருளைக் குறிக்கும் அதே எபிரேய வேரில் பிறந்ததே.

லிஸ்பனில் 1647இல் பிறந்த ஜான் தெ பிரிட்டோ, மதுரை மிஷனில் அருளானந்தர் ஆனார். 1693 பெப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் வெட்டுண்டு வேதசாட்சியானார். 1947இல் அர்ச்சிஷ்டர் பட்டம் பெற்றார். அருளப்பு, அருளானந்தம், அருளம்மா என்று நம் மூத்த தலைமுறையில் எத்தனை பேர்! 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் யோவான் என்ற வடிவம் இடம்பெற்றபின், அருளப்பர் யாரென்று மறைக்கல்வி வகுப்பில் விளக்கிச் சொல்லவேண்டியிருக்கிறது.

1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 855ஆம் விதி கேட்பது ஒன்றே: கிறிஸ்தவ உணர்வுக்கு அந்நியமான பெயர் இடப்படாதபடி பெற்றோரும் ஞானப்பெற்றோரும் பங்குக்குருவும் பார்த்துக்கொள்ளவேண்டும். பெயர் எந்த மொழியில் இருக்கவேண்டுமென்று அது விதிக்கவில்லை. ஆகவே, பெயர் தேடி அலுத்தவர்கள் பாட்டனாரின் ஞானஸ்நானப் பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும். இடப்பெயர்வில் அது தொலைந்திருந்தால் பங்குக்குருவைக் கேளுங்கள். பழைய இடாப்பு தப்பியிருக்குமானால் அவர் புரட்டிப் பார்த்துச் சொல்லுவார்.